விற்கவும் மாட்டோம், விடவும் மாட்டோம் என்றால் எப்படி?

பழைய ஹெவி மெட்டல் ஆல்பங்களின் உரிமையைக் கையில் வைத்திருக்கும் இசை நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் உங்களில் ஒரு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதியிருந்தேன். எந்த நிறுவனம், எந்த ஆல்பம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. பதில் எழுதிய ஊழியர் தன் வேலையைத்தான் செய்தார். அவரைச் சந்தியில் நிறுத்துவதில் எனக்கு விருப்பமில்லை. நான் கேட்டது மூன்றே கேள்விகள். 1980-களின் இறுதியில் வெளிவந்த அந்த ஆல்பத்தை மறுபடி வெளியிடும் எண்ணம் உண்டா? இல்லையென்றால், வெளியிட முன்வரும் ஒரு சிறிய லேபிளுக்கு (இசை வெளியீட்டு நிறுவனத்துக்கு) உரிமம் தருவீர்களா? அதற்கும் மனமில்லை என்றால், பாடியும் வாசித்தும் அதை உருவாக்கியவர்களிடமே திருப்பிக் கொடுப்பீர்களா?

பதினாறு நாள் கழித்து இரண்டு வரிப் பதில் வந்தது. ஆல்பம் இப்போது விற்பனையில் இல்லை, மறுவெளியீட்டுத் திட்டம் ஏதும் இல்லை. விற்பனையில் இல்லை என்பது தெரிந்ததால்தானே எழுதினேன்? மற்ற இரண்டு கேள்விகளுக்கு ஒரு சொல்கூட இல்லை. ஆகவே அவற்றை இப்போது எல்லோர் முன்னிலையிலும், உங்கள் அனைவரிடமும் கேட்கிறேன்.

ஓர் ஆல்பம் கடையிலிருந்து எப்படி மறைகிறது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. லேபிள் கைமாறும், ஒப்பந்தக் காலம் முடியும், இசைக்குழு உடைந்து ஆளுக்கொரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும். பெர்லினில் 1983-இல் தொடங்கிய நாய்ஸ் ரெக்கார்ட்ஸ் என்ற லேபிளின் கதை உங்கள் கோப்புகளிலேயே இருக்கும். செல்டிக் ஃப்ராஸ்ட், க்ரியேட்டர், வோய்வோட், ஹெலோவீன் ஆகிய இசைக்குழுக்கள் எல்லாம் வளர்ந்த வீடு அது. 2001-இல் சாங்ச்சுவரி என்ற இசை நிறுவனம் அதை வாங்கியது. 2007-இல் சாங்ச்சுவரியை யுனிவர்சல் வாங்கியது. யுனிவர்சல் ஈஎம்ஐயை வாங்கப் போனபோது போட்டிச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு சாங்ச்சுவரியை விற்க வேண்டியிருந்தது. 2013-இல் அது பிஎம்ஜி கைக்கு வந்தது. பன்னிரண்டு ஆண்டில் மூன்று முறை வீடு மாறிய பெட்டியில் என்ன இருக்கிறது என்று யாருக்கு நினைவிருக்கும்? ஆனால் பிஎம்ஜி பெட்டியைத் திறந்து பார்த்தது. 2016-இல் தொடங்கி அந்த ஆல்பங்களைப் புதிதாக மாஸ்டர் செய்து கடைக்குக் கொண்டுவந்தது. க்ரியேட்டரின் 'ப்ளெஷர் டு கில்' எந்தச் சிக்கலும் இல்லாமல் கையில் கிடைத்த அந்த நாளுக்காக இன்றும் நன்றியோடு இருக்கிறேன். மனம் இருந்தால் முடியும் என்பதை உங்களில் ஒருவரே காட்டிவிட்டார் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

படைத்தவரே வேண்டாம் என்று ஒதுக்கியதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. செல்டிக் ஃப்ராஸ்டின் 1988-ஆம் ஆண்டு ஆல்பமான 'கோல்ட் லேக்' அந்த மறுவெளியீடுகளில் இடம்பெறவில்லை. அதை வெளிப்படையாகவே வெறுத்துப் பேசியவர் அக்குழுவின் பாடகர் டாம் ஃபிஷர். பான்டெரா குழுவினரும் 1980-களில் தாமே வெளியிட்ட நான்கு ஆல்பங்களைத் திரும்பிப் பார்க்க விரும்பியதில்லை. அது அவர்கள் உரிமை. கலைஞர்கள் வேண்டும் என்கிறார்கள், கேட்பவர்கள் வேண்டும் என்கிறார்கள், உரிமை வைத்திருப்பவர் மட்டும் வாயே திறப்பதில்லை என்ற நிலையில் கிடக்கும் ஆல்பங்களுக்காகத்தான் இந்த மடல்.

ஒரு சம்பவத்தைச் சொல்ல அனுமதியுங்கள்.

பிளாக் சபாத் குழுவின் 'ஹெட்லெஸ் கிராஸ்' ஆல்பம் 1989-இல் ஐஆர்எஸ் ரெக்கார்ட்ஸ் வழியாக வந்தது. டோனி மார்ட்டின் பாடியது. கோஸி பவல் டிரம்ஸ். 'வென் டெத் கால்ஸ்' பாட்டில் குயீன் குழுவின் பிரையன் மே வந்து கிட்டார் வாசித்துவிட்டுப் போயிருப்பார். கல்லூரி விடுதியில் ஒரு நண்பன் பதிவு செய்து கொடுத்த கேசட்டில்தான் முதலில் கேட்டேன். அந்தக் கேசட்டை இருபது ஆண்டுக்கு மேல் காப்பாற்றினேன். கடைசியில் சென்னையின் ஈரம் அதைப் பிடித்துக்கொண்டது. நாடாவின் ஓரம் முழுக்க வெள்ளைப் பூஞ்சை. ஐந்து திருகாணிகளையும் கழற்றி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து துடைத்தேன். ஓடியது. ஆனால் ஒவ்வொரு பாட்டும் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது.

சிடி வாங்கிவிடுவோம் என்று தேடினால் கடைகளில் இல்லை. மார்ட்டினுக்கு முன் அக்குழுவில் இருந்த ஓஸி பாடியவை, டியோ பாடியவை பதிப்பு மேல் பதிப்பாக வந்துகொண்டிருந்தன. மார்ட்டின் பாடிய ஐஆர்எஸ் காலத்து ஆல்பங்கள் மட்டும் இல்லை; ஸ்ட்ரீமிங்கிலும் இல்லை. 2018-இல் வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம், பழையது ஆனால் அசல் என்ற உறுதிமொழியோடு ஒரு பிரதி கிடைத்தது. விலை, என் வீட்டின் ஒரு மாத மளிகைச் செலவு. ஏழு வாரம் காத்திருந்தேன். சுங்க வரியும் கட்டினேன்.

பிரித்தபோது முதலில் கண்ணில் பட்டது உறைத்தாளின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஓடிய ஒரு மடிப்புக் கோடு. விரலால் நீவிப் பார்த்தேன். தாள் வழவழவென்று இருந்தது, மடிப்பே இல்லை. யாரோ ஒருவர் தன் பழைய பிரதியின் உறையை ஸ்கேன் செய்து அச்சிட்டிருக்கிறார். அவர் தாளில் இருந்த மடிப்பு என் தாளில் படமாக வந்திருக்கிறது. தட்டைத் திருப்பினேன். தொழிற்சாலையில் அச்சான சிடிக்கு அடிப்பக்கம் வெள்ளி நிறமாக இருக்கும், நடு வளையத்தைச் சுற்றிப் பொடி எழுத்தில் எண்கள் பொறித்திருக்கும். இது லேசான நீலப் பச்சை. எண்கள் இல்லை. கணினியில் வைத்து எழுதிய தட்டு.

நான் ஏமாந்தது என் கவனக்குறைவு என்று சொல்லலாம், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அன்று நான் கொடுத்த பணத்தில் ஒரு காசுகூட அக்குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமிக்கோ மார்ட்டினுக்கோ போகவில்லை. உங்களுக்கும் வரவில்லை. வாங்கக் காத்திருந்தவன் ஒரு பக்கம், பாட்டு இன்னொரு பக்கம். நடுவில் திருட்டுப் பிரதி போட்டவன் கடை விரித்திருக்கிறான். அந்த இடத்தைக் காலியாக விட்டது யார்? திருட்டுப் பதிவுகளால் இசைத்துறை அழிகிறது என்று நீங்கள் அறிக்கை விடும்போதெல்லாம் அந்த மடிப்பில்லாத மடிப்புக் கோடு எனக்கு நினைவுக்கு வருகிறது.

அந்த ஆல்பங்களுக்கு 2024 மே 31 அன்று விடிவு வந்தது. 'ஹெட்லெஸ் கிராஸ்', 'டிர்', 'கிராஸ் பர்பசஸ்', 'ஃபர்பிடன்' நான்கும் ஒரே பெட்டியாக வந்தன. 'ஃபர்பிடன்' ஆல்பத்தை ஐயோமியே புதிதாக மிக்ஸ் செய்திருந்தார். மனதார மகிழ்ந்தேன். ஆனால் கோஸி பவல் 1998-இலேயே கார் விபத்தில் போய்விட்டார். நான்கு ஆல்பங்களிலும் கீபோர்டு வாசித்த ஜெஃப் நிக்கல்ஸ் 2017-இல் போய்விட்டார். 1989-க்கும் 2024-க்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டுகள். வாசித்த கைகள் இருக்கும்போதே இதைச் செய்திருக்கக் கூடாதா?

ஆல்பத்தின் பெயர் கடையில் இருக்க, அசல் பதிவு மட்டும் காணாமல் போகும் கொடுமையும் உண்டு. ஓஸி ஆஸ்போர்னின் 'ப்ளிஸார்ட் ஆஃப் ஓஸ்', 'டைரி ஆஃப் எ மேட்மேன்' இரண்டும் 2002-இல் மறுவெளியீடு கண்டபோது, பாப் டெய்ஸ்லியின் பேஸும் லீ கெர்ஸ்லேக்கின் டிரம்ஸும் நீக்கப்பட்டு வேறு இருவர் வாசித்தவை அங்கே வைக்கப்பட்டிருந்தன. ராயல்டி தகராறு ஒன்று அதன் பின்னால் இருந்தது. 1982-இல் விமான விபத்தில் இறந்த ராண்டி ரோட்ஸின் கிட்டார், அவர் மறைந்து ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்து வாசிக்கப்பட்ட டிரம்ஸோடு சேர்ந்து ஒலித்தது. அசல் பதிவு 2011-இல்தான் திரும்பி வந்தது. அந்த ஒன்பது ஆண்டில் புதிதாகக் கேட்க வந்த ஒரு பிள்ளை, அதுதான் அந்த ஆல்பம் என்று நம்பித்தானே வாங்கியிருப்பான்? மெகாடெத்தின் பழைய ஆல்பங்களும் 2004-இல் புதிதாக மிக்ஸ் செய்யப்பட்டு வந்தன, சில இடங்களில் குரலே புதிதாகப் பாடப்பட்டு. புது மிக்ஸ் வரட்டும், நான் தடுக்கவில்லை. பழையது அதன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எல்லாம் பத்திரமாகக் கிடங்கில் இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டூடியோ வளாகத்தில் தீப்பிடித்து, அசல் பதிவுகளைத் தாங்கிய மாஸ்டர் நாடாக்கள் எரிந்தன. அந்த இழப்பு எவ்வளவு பெரியது என்ற செய்தி 2019-இல், பதினொரு ஆண்டு கழித்துத்தான் வெளியே பரவியது. தீ வேண்டாம், ஈரமே போதும். 1970, 80-களில் பயன்பட்ட மாஸ்டர் நாடாக்களில் பல, பசை ஈரத்தை உறிஞ்சி இளகிப்போனவை. அப்படியே ஓட்டினால் கிறீச்சிட்டு ஒலிப்பூச்சு உரிந்து வரும். ஐம்பது டிகிரிக்குச் சற்று மேலான சூட்டில் பல மணி நேரம் வைத்து எடுத்தால் சில வாரம் ஓடும். அதற்குள் படியெடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் பொறியாளர்களுக்கு இது பாலபாடம். ஆனால் மறுவெளியீட்டுத் திட்டம் ஏதும் இல்லாத ஒரு நாடாவை வெளியே எடுத்து யார் சூடேற்றப் போகிறார்கள்? என் கேசட்டில் ஏறிய பூஞ்சையை நான் துடைத்தேன், அது எனக்கு வேண்டியிருந்ததால். உங்களுக்கு வேண்டாத நாடாவை யார் துடைப்பது? கரையான் தின்ற ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஏட்டை வைத்திருந்த வீட்டுக்காரர்களில் பலர் கெட்டவர்கள் இல்லை. பரணில்தானே இருக்கிறது என்று இருந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஸ்ட்ரீமிங் வந்தபிறகு தட்டு எதற்கு என்று கேட்காதீர்கள். உரிமக் காலம் முடிந்தால் அங்கிருந்தும் ஓர் இரவில் மறைந்துவிடுகிறது. நான் கேட்கும் ஆல்பம் அங்கேயும் இல்லை.

செலவு கட்டுப்படியாகாது என்பதை ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். உங்கள் கணக்கில் ஐந்நூறு பிரதி ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்த ஐந்நூறையே தொழிலாக வைத்து நடத்துபவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியில் ஹை ரோலர், இங்கிலாந்தில் ராக் கேண்டி, நெதர்லாந்தில் ஹாமர்ஹார்ட் எனப் பல சிறிய லேபிள்கள் பழைய ஆல்பங்களை உரிமம் பெற்று, உரியவர்களைத் தேடிப் பேசி, உறைத்தாளில் அந்த ஆல்பத்தின் வரலாற்றை எழுதி வெளியிடுகின்றன. உங்களுக்கு உழைப்பும் இல்லை, முதலும் இல்லை. உரிமத் தொகை வேறு வரும். ஒரு கையெழுத்து போதும். அதையும் போடாமல், நாங்களும் வெளியிட மாட்டோம், இன்னொருவரையும் விடமாட்டோம் என்று இருப்பதற்கு எங்கள் மொழியில் ஒரு பழமொழி உண்டு: நாய் பெற்ற தெங்கம்பழம். தேங்காய் கிடைத்த நாய் அதை உருட்டும், உரிக்கத் தெரியாது, யாரையும் கிட்டே விடாது. கடுமையாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வரிப் பதிலைப் படித்தபிறகு இதைவிட மென்மையான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

சட்டமும் இந்தப் பக்கம்தான் மெல்ல நகர்கிறது. அமெரிக்காவில் 35 ஆண்டு கழித்து உரிமையைத் திரும்பக் கேட்கப் படைத்தவருக்கு வழி இருக்கிறது. அது கூலிக்குச் செய்த வேலை, திருப்பித் தர முடியாது என்று இசை நிறுவனங்கள் வாதாடுவதும் தெரியும். ஒரு பதிவு வெளிவந்து 50 ஆண்டு ஆனபின் அதைப் போதிய அளவில் விற்பனைக்கு வைக்காவிட்டால், வாசித்தவர்கள் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் சொன்னது. 2019-இல் இன்னும் ஒரு படி போய், பயன்படுத்தாமல் போட்டுவைத்த உரிமையைத் திரும்பப் பெறும் வழியையே வகுத்தது. ஆனால் அறுபது, எழுபது வயதில், வேறு ஏதோ வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு டிரம்மர் எந்த வழக்கறிஞருக்குக் கட்டணம் கட்டுவார்? 1987-இல் வந்த ஆல்பத்துக்கு 50 ஆண்டு 2037-இல் நிறையும். அவர் அதுவரை இருப்பாரா என்று கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்வது அநாகரிகம். ஆனாலும் போட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதே பத்து ஆல்பங்களைச் சிவப்புத் தட்டு, பச்சைத் தட்டு, புள்ளி போட்ட தட்டு என்று ஆண்டுதோறும் வெளியிடுகிறீர்கள். நாங்களும் வாங்குகிறோம். அந்த உழைப்பில் பத்தில் ஒரு பங்கை வெளியே வராதவற்றுக்குக் கொடுத்திருந்தால்... கோபத்தில் எங்கோ போகிறேன். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

உங்களிடம் இருந்தும் விற்பனையில் இல்லாத ஆல்பங்களின் பட்டியலை வெளியிடுங்கள். அவற்றில் நீங்கள் அச்சிட விரும்புவதை அச்சிடுங்கள். விரும்பாததற்கு, கேட்டு வரும் சிறிய லேபிளுக்கு நியாயமான தொகையில் உரிமம் கொடுங்கள். அதுவும் வேண்டாம் என்றால் கலைஞர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எழுதிக் கேட்பவருக்கு, உரிமம் பற்றிப் பேச எந்த முகவரியை அணுக வேண்டும் என்ற ஒரு வரியைப் பதிலில் சேருங்கள். மிகவும் பணிவாக வேண்டுகிறேன்.

நான் எழுதிய மின்னஞ்சலின் இரண்டாவது, மூன்றாவது கேள்விகள் இன்னும் பதிலுக்காகக் காத்திருக்கின்றன. அந்த ஊழியருக்கு என் முகவரி தெரியும்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காசு கொடுத்தே ஆல்பம் வாங்கிவரும் ஒரு வாடிக்கையாளன்,
சென்னை.