எந்த ‘சார்ஜ்’?

ஆசிரியர் அவர்களுக்கு,

தில்லி நீதிமன்றச் செய்திகளைத் தமிழ் நாளிதழ்களில் தொடர்ந்து படிப்பவர்கள், ஒரே வழக்கில் ஒருவர் மீது இரண்டு மூன்று முறை ‘குற்றச்சாட்டு பதிவு’ ஆவதைப் பார்த்துக் குழம்புகிறார்கள். வழக்கில் கோளாறு இல்லை. ‘சார்ஜ்’ என்ற சொல் எங்கே வந்தாலும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போடுவதுதான் கோளாறு.

புலன்விசாரணை முடிந்ததும் போலீஸ் நீதிமன்றத்தில் கொடுப்பது ‘சார்ஜ் ஷீட்’, அதாவது குற்றப்பத்திரிகை. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 193-ஆம் பிரிவு. இது போலீசின் கூற்று மட்டுமே. அதைப் படித்து, இரு தரப்பு வாதத்தையும் கேட்டு, இன்ன பிரிவில் விசாரிக்க முகாந்திரம் இருக்கிறது என்று நீதிபதி எழுதுவதுதான் ‘சார்ஜ்’. நீதிமன்றத் தமிழில் இதற்குக் ‘குற்றச்சாட்டு வனைதல்’ என்ற நல்ல சொல் புழங்குகிறது. எழுதியதைப் படித்துக்காட்டி ‘ஒப்புக்கொள்கிறீர்களா’ என்று கேட்பார்கள். மறுத்தால் சாட்சி விசாரணை. முதலாவதற்குத் ‘தாக்கல்’, இரண்டாவதற்கு ‘வனைவு’ என்று எழுதினாலே பாதிக் குழப்பம் போய்விடும்.

இதைவிட மோசம் ‘டிஸ்சார்ஜ்’. குற்றச்சாட்டு வனைவதற்கு முன்பே, போதிய ஆதாரம் இல்லை என்று வழக்கிலிருந்து ஒருவரை நீக்குவது டிஸ்சார்ஜ், தமிழில் விடுவிப்பு. முழு விசாரணைக்குப் பிறகு குற்றவாளி அல்ல என்று தீர்ப்பளிப்பது ‘அக்விட்டல்’, அதுதான் விடுதலை. விடுதலையானவரை, மேல்முறையீடு தவிர, அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது. விடுவிக்கப்பட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. புதிய ஆதாரம் கிடைத்தால் மீண்டும் வழக்கு வரலாம். இரண்டுக்கும் ‘விடுதலை’ என்றே தலைப்புப் போட்டால், பின்னால் அவர் மீண்டும் கூண்டேறும்போது வாசகர் நீதிமன்றத்தைச் சந்தேகிப்பார்.

மத்திய அரசு ஊழியர்கள் நிறைந்த இந்த ஊரில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மத்திய அரசு ஊழியர்களின் ஒழுங்கு நடவடிக்கைக்கான 1965-ஆம் ஆண்டின் சிசிஎஸ் (சிசிஏ) விதிகளில் 14-ஆம் விதிப்படி தரப்படும் குறிப்பாணையையும் அலுவலகங்களில் ‘சார்ஜ் ஷீட்’ என்றே சொல்கிறார்கள். குற்றச்சாட்டுகள், அவற்றுக்கான விவரம், ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல் என நான்கு இணைப்புகள் அதில் இருக்கும். இது துறை நடவடிக்கை. போலீசுக்கு இதில் வேலையில்லை. ‘அதிகாரி மீது குற்றப்பத்திரிகை’ என்று அச்சிட்டால் அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள்? ‘குற்றக் குறிப்பாணை’ என்பதே சரி.

இத்தனை பொருளும் ஒரே வேரில் முளைத்தவை. வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த லத்தீன் சொல்லே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் சார்ஜ் ஆனது. கார், கார்கோ எல்லாம் அதன் உறவினர்கள். தமிழும் இதே பாதையில் நடந்திருப்பதுதான் வியப்பு. குற்றத்தைச் சுமத்துகிறோம், வரியைச் சுமத்துகிறோம், பதவியில் பொறுப்பு ஏற்கிறோம் (பொறுத்தல் என்றாலே தாங்குதல்தானே), பேட்டரிக்கு மின்னேற்றம் செய்கிறோம். ஆகவே மொழிபெயர்ப்பவர் அகராதியைப் புரட்டுமுன், யார் மேல் எந்தப் பாரம் ஏறுகிறது என்று பார்த்தால் சொல் தானாக வந்து விழும். ‘லத்தி சார்ஜ்’ எனப்படும் தடியடி மட்டும் இதில் அடங்காது. பாய்ந்து தாக்குவது என்ற பொருள் தனியே கிளைத்துப் போய்விட்டது. அதற்குத் தமிழில் நல்ல சொல் இருப்பதால் கவலையில்லை.

டிஸ்சார்ஜ் என்பது பாரம் இறக்குவது. மருத்துவமனை டிஸ்சார்ஜை எல்லாரும் சரியாகவே எழுதுகிறார்கள். தடுக்கி விழுவது யமுனை வெள்ளத்தின்போது. ஹத்னிகுண்ட் தடுப்பணையின் ‘டிஸ்சார்ஜ்’ கியூசெக்கில் சொல்லப்படும். ஒரு கியூசெக் என்றால் விநாடிக்கு ஒரு கன அடி. ‘ஒரு லட்சம் கன அடி நீர் திறப்பு’ என்று ‘விநாடிக்கு’ இல்லாமல் எழுதினால், அது மொத்தமே சுமார் 28 லட்சம் லிட்டர். ஒலிம்பிக் அளவு நீச்சல் குளம் ஒன்றுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதற்கா கரையோர மக்களை மேட்டுக்கு அனுப்புகிறார்கள்?

— சட்ட மொழிபெயர்ப்பாளர்,
ஆர்.கே. புரம், புது தில்லி