கடலுக்கு அடியால் தீவுக்குப் போனேன்

அன்புள்ள சிவம் மச்சான்,

இவ்வளவு நாளும் எழுதாததற்கு முதலில் என்னைத் திட்டி முடி, பிறகு வாசி. அம்மாவின் கால் வீக்கம் வற்றிவிட்டதா? சின்னவள் ஏ.எல்.லுக்கு என்ன பாடம் எடுக்கிறாள்? இங்கே எல்லோரும் சுகம்.

போன கிழமை மகளோடு ஓலசுண்டுக்குப் போயிருந்தேன். நோர்வேயின் மேற்குக் கரையில் இருக்கிற பட்டினம். அக்ஸ்லா மலையில் 418 படி ஏறி நின்றால் திரும்பிய பக்கமெல்லாம் தீவுகள்தான். கீழே அத்தனையும் கல்வீடுகள். 1904 ஜனவரியில் ஒரே இரவில் மரவீடுகள் எரிந்து, பத்தாயிரம் பேர் குளிரில் வீடில்லாமல் நின்ற ஊராம். அதைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதலாம். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு.

மத்தியானம் தீவு பார்க்கப் போனோம், பஸ்ஸில்! றோட்டு கடலுக்கு அடியால் போகுது மச்சான். கடலடிப் பாறையைக் குடைந்து, 1987இல் எல்லிங்சோய் தீவுக்கு ஒரு சுரங்கம், அங்கிருந்து வால்டரோய் தீவுக்கு இன்னொன்று திறந்திருக்கிறார்கள். கடல் மட்டத்துக்கு 140 மீட்டர் கீழே இறங்க இறங்கக் காது அடைக்கிறது. பாறையில் கசிகிற தண்ணீரை இராப்பகலாகப் பம்ப் இறைக்கிறது. கிஸ்கே தீவுக்குப் பாலம். 1989இல் கொடோய் தீவுக்கும் சுரங்கம். அதற்கு முன்னம் இந்தச் சனமும் நெடுந்தீவில் உங்களைப் போலப் படகு பார்த்து நின்றதுதான். விமான நிலையமே 1958இலிருந்து விக்ரா தீவில்தான் இருக்கிறது, பட்டினத்து ஆள் பிளேன் ஏறவும் கடல் கடக்க வேணும்! செலவழித்த காசை வருஷக்கணக்காக வாகனங்களிடம் அறவிட்டு அடைத்தார்கள்.

கொடோயின் மறுகரையில் அல்னெஸ் வெளிச்சவீடு, சிவப்புப் பட்டை போட்ட வெள்ளை மரக்கோபுரம். மகள் அதைப் படம் எடுத்துத் தள்ளினாள். திரும்பி வருகிற வழியில் மஞ்சள் அம்புலன்ஸ் ஒன்று எங்களை முந்திக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்கியது. சைரன்கூட இல்லை. எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அந்த மாரியில், யாழ்ப்பாணத்துக்கு றோட்டு இருக்கிற குறிகட்டுவான் துறைக்குப் படகு விடமாட்டார்கள் என்று தேவி அக்காவை விடியும்வரை இறங்குதுறையில் கிடத்தி வைத்திருந்ததை எழுதியிருந்தாயே. அந்தக் கடிதம் இன்னும் என் லாச்சிக்குள் கிடக்கிறது.

நெடுந்தீவுக்குச் சுரங்கம் வெட்டு என்று நான் கேட்கவில்லை. நம்முடைய கடல் வேறு, கல் வேறு. ஆனால் காற்றுக்கும் ஓடக்கூடிய ஒரு நல்ல படகு, இரவிலும் நோயாளியை ஏற்ற ஒரு ஆள், இதைக் கேட்கக்கூடவா நமக்கு வாய் இல்லை?

ஒரு வேலை செய். பள்ளிக்கூடத்து லொக் புத்தகத்தில் படகு ஓடாத நாள், ரீச்சர்மார் வராத நாள் எல்லாம் பதிந்திருப்பாய்தானே. போன மாரிக் கணக்கை எடுத்து அனுப்பு. ஆஸ்பத்திரியில் கேட்டு அந்தக் கணக்கும் வாங்கு. இங்கே நம்முடைய பெடியளைக் கூட்டிக் கதைக்கப் போகிறேன், வெறுங்கையோடு போனால் ஒருத்தனும் காது கொடுக்கமாட்டான். குதிரைக்காரனிடமும் சொல்லு, அவன் தேதி மறக்காதவன்.

தைப்பொங்கலுக்கு முன்னம் அனுப்பிவிடு.

அன்புடன்,
ரவி