சாய்கிற வண்டியும் சாயாத வண்டியும்

பழைய வண்ணாரப்பேட்டை
ஞாயிறு காலை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது மாடிப்படி ஏறி இறங்குகிறாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அம்மா அன்றைக்கே காளிகாம்பாள் கோயிலுக்குப் போய் உன் பேரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள்.

இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு மணலியில் வேலை கிடைத்திருக்கிறது. காலையில் நான்தான் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன். தடைக்காலம் முடிந்து படகுகள் போய் வர ஆரம்பித்ததிலிருந்து காசிமேட்டில் பழைய கூட்டம் திரும்பிவிட்டது. நேற்று நல்ல சங்கரா கிடைத்தது. குழம்பு வைத்தபோது உன் பேச்சுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பர்க்மேன் ஸ்கூட்டரை விற்றுவிட்டேன், இனி மூன்று சக்கர ஸ்பைடர் மட்டும்தான், வண்டி ஓட்டுவதையே விட்டுவிட்ட மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அந்த வரி மனதைவிட்டுப் போகவில்லை. அங்கே உன்னோடு ஓட்டுகிறவர்கள் "மூன்று சக்கரம் இருந்தால் அது மோட்டார் சைக்கிளே இல்லை" என்று சொன்னார்களாம். போன வருடம் கனடாவுக்கு வந்திருந்தபோது இரண்டு வண்டியிலும் உன் பின்னால் நயாகரா வரை உட்கார்ந்து வந்தவன் நான். இரண்டையும் அந்த மூடிக்கிடந்த கடையின் பார்க்கிங்கில் ஓட்டியும் பார்த்தேன். அவர்கள் சொல்வது தப்பு. ஏன் தப்பு என்று எனக்குத் தெரிந்தவரை சொல்லிவிடுகிறேன்.

முதலில் பர்க்மேன். அதன் அருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 638 சிசி, இரண்டு சிலிண்டர், கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் சத்தம் ஒரே அளவில் நிற்க, வேகம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். காற்று நெஞ்சில் அடிக்காது. சீட்டுக்கு அடியில் நம் இரண்டு பேர் ஜெர்கின், சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாம் அடங்கின. நெடுஞ்சாலையிலிருந்து வட்டமாக இறங்கும் அந்தத் திருப்பங்களில் வண்டியோடு சேர்ந்து நாமும் சாய்ந்தபோது, உடம்பு எந்தப் பக்கமும் தள்ளப்படவில்லை. சீட்டுக்குள் கொஞ்சம் அமுங்கியது, அவ்வளவுதான். சின்ன வயதில் உன் பெரியப்பாவின் ஃபேன்டாபுலஸ் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனோமே, அதே சுகம். அந்த வண்டியும் நம்ம பக்கத்து வண்டிதானே. 1960களில் திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையில் செய்த 175 சிசி ஸ்கூட்டர், வில்லியர்ஸ் என்ஜின், அந்தக் காலத்திலேயே செல்ஃப் ஸ்டார்ட். பெரிய ஸ்கூட்டர் ஆசை உனக்கு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

ஆனால் திரும்பி வரும்போது கிங்ஸ்டன் ரோடு சிக்னலில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். சிவப்பு விழுந்தது, வண்டி நின்றது, நீ இடது காலை ஊன்றினாய். வண்டி 275 கிலோ, அதன் மேல் நாம் இரண்டு பேர். உன் முட்டி நடுங்குவது சீட்டு வழியாக என் தொடைக்கு வந்தது. தையல் மிஷின் ஓடுவது போல விடாமல் ஒரு நடுக்கம். காலை ஊன்றித் தாங்கலாம் என்று பார்த்தேன், பின்சீட்டு உயரத்துக்கு என் கால் தரைக்கு எட்டவில்லை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பச்சை விழுவதற்குள் ஒரு யுகம் ஆனது. வீட்டுக்கு வந்ததும் நீ எதுவும் பேசாமல் ஐஸ் பையை முட்டியில் வைத்துக்கொண்டாய். அடுத்த வாரமே ஸ்பைடரைக் கொண்டுவந்து நிறுத்தினாய். அன்றைக்கு நான் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்: எனக்கு அழுகை வருகிற அளவு சந்தோஷம்.

இரண்டாவது நயாகரா பயணம் அந்த ஸ்பைடரில். ஹாமில்டன் துறைமுகத்துக்கு மேலே போகிற பர்லிங்டன் ஸ்கைவே பாலத்தை நினைத்துப் பார். பர்க்மேனில் போனபோது ஏரிக்காற்று பக்கவாட்டில் அடித்து, நேராகப் போவதற்கே வண்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனாய். கன்டெய்னர் லாரி ஒன்று கடந்தபோது வண்டி ஒரு முழம் நகர்ந்து மறுபடி தன் இடத்துக்கு வந்தது. ஸ்பைடரில் போன அன்றும் அதே காற்றுதான். வண்டி லேசாக இழுத்தது, ஆனால் சாயவே இல்லை. நீ பாட்டுக்கு துறைமுகத்தில் நின்ற கப்பலைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாய். பர்க்மேனில் அந்த இடத்தில் நீ வாயைத் திறக்கவில்லை.

திருப்பம் வந்தால்தான் கதையே மாறும். மின்ட் மணிக்கூண்டுப் பக்கம் ஷேர் ஆட்டோ வளையும்போது எல்லோரும் ஓரத்தில் இருப்பவர் மேல் போய் விழுவார்களே, அது போல ஸ்பைடர் நம்மை வெளியே தள்ளுகிறது. முதல் திருப்பத்தில் என் இடுப்பு சீட்டை விட்டே நகர்ந்தது. மூன்றாவது திருப்பத்தில்தான் வழி பிடிபட்டது. திருப்பம் வருவதற்கு முன்பே உள்பக்கத் தோளை இறக்கி, கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பார்வையை வளைவின் முடிவில் வைக்க வேண்டும். மறுநாள் எனக்குத் தோள் வலி. பர்க்மேனில் அத்தனை தூரம் போயும் வலித்தது முதுகுதான். அந்தத் தோள் வலிதான் எனக்குச் சாட்சி. அந்த வண்டியும் உடம்பிடம் வேலை வாங்குகிறது. உடம்பு வேலை செய்கிற வண்டியை மோட்டார் சைக்கிள் இல்லை என்று யார் சொன்னாலும் நீ காதில் போட்டுக்கொள்ளாதே.

அப்புறம் அந்த பார்க்கிங். 1330 சிசி, மூன்று சிலிண்டர், 115 குதிரைத்திறன் என்று நீ அடுக்கியதைக் கேட்டே எனக்கு வேர்த்தது. கட்டைவிரலால் தள்ளினால் கியர் ஏறும் என்று காட்டினாய், அது சுலபமாகவே வந்தது. கஷ்டம் நிறுத்துவதில். 20 கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது, எதிரே விளக்குக்கம்பம் வருகிறது. என் இரண்டு கையின் நான்கு நான்கு விரல்களும் தாமாக நீண்டு பிரேக்கைத் தேடுகின்றன. அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. நீ "காலு, காலு" என்று கத்தினாய். அப்புறம்தான் வலது காலை அழுத்தினேன், மூன்று சக்கரமும் ஒன்றாகப் பிடித்து நின்றது. பல வருடமாகக் கியர் இல்லாத ஸ்கூட்டர் ஓட்டியவனுக்கு பிரேக் என்றால் விரல்தான், கால் சும்மா இருக்கும். ஸ்பைடரில் பிரேக் முழுவதும் காலில், விரல் சும்மா இருக்கிறது. நல்லவேளை, உனக்கு ஆபரேஷன் ஆனது இடது முட்டி.

இன்னொன்றும் அங்கேதான் புரிந்தது. ஸ்கூட்டர் கொஞ்சம் வேகமாகப் போகும்போது இடது பக்கம் போக வேண்டுமானால் இடது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளுகிறோம், வண்டி இடப்பக்கம் சாய்ந்து போகிறது. நமக்கே தெரியாமல் கை செய்கிற வேலை அது. ஸ்பைடரில் அதைச் செய்தால் வலப்பக்கம் போய்விடும். அங்கே கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கம்தான் வண்டி. எனக்கு அது எங்கேயோ பழகிய மாதிரி இருந்தது. விமானத்தில் திரும்பி வரும்போது, பாதித் தூக்கத்தில் விடை கிடைத்தது: மீன்பாடி வண்டி!

நம்ம மாமாவின் மீன்பாடி வண்டியை நினைவிருக்கிறதா? முன்னால் இரண்டு சக்கரத்தின் மேல் பலகை, அதில் ஐஸும் மீன் கூடையும். பின்னால் ஒற்றைச் சக்கரம், அதன் மேல் ஓட்டுகிறவன், காலுக்கடியில் பழைய மோட்டார் சைக்கிள் என்ஜின். உன் ஸ்பைடரும் அதே அமைப்புதான், முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. நீ முதலில் பார்த்து வைத்திருந்த ஹார்லி ட்ரை கிளைட் ஆட்டோ மாதிரி, முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. வளைவில் பிரேக் அடித்தால் முன்னால் ஒற்றைச் சக்கரம் இருக்கிற வண்டிதான் குப்புறச் சாயப் பார்க்கும். பாரம் முன்னால் பாயும்போது அதைத் தாங்க இரண்டு சக்கரம் இருப்பது நல்லது. நீ தேர்ந்தெடுத்தது சரி.

நமக்குப் பதினேழு வயது இருக்கும். மீனை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு கல்மண்டபம் பக்கம் வளைத்தேன். உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழுந்து, பலகை கண்ணெதிரே தூக்கிக்கொண்டு நின்றது. "உடம்பை உள்ளே போடுடா!" என்று மாமா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. உள்பக்கம் எட்டிச் சாய்ந்தேன், சக்கரம் டக்கென்று தரையில் உட்கார்ந்தது. உன் வண்டியில் சக்கரம் எழப் பார்த்தால் கம்ப்யூட்டரே வேகத்தைக் குறைத்து, தேவையான சக்கரத்தை மட்டும் பிடித்துவிடும் என்று சொன்னாய். ஆனாலும் மாமா சொன்னதை விட்டுவிடாதே. கம்ப்யூட்டர் தலையிடுகிற அளவுக்குப் போகாமல் ஓட்டுவதுதான் ஓட்டுகிறவனின் கைத்திறன். அந்தத் திறன் உனக்குக் காசிமேட்டிலேயே வந்துவிட்டது. சாய்த்து ஓட்டுகிற பழக்கம் அதை மறைத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரே ஒரு கவலை, மழை. அந்த வண்டியின் டயர் கார் டயர் மாதிரி அகலம், தட்டை. தேங்கின தண்ணீர் மேல் வேகமாகப் போனால் தண்ணீரைக் கிழிக்காமல் மேலே மிதக்கப் பார்க்கும். ஸ்கூட்டரின் உருண்டை டயருக்கு அந்தத் தொல்லை குறைவு. மூன்று சக்கரம் இருக்கிறதே என்ற தைரியத்தில் மழையில் வேகம் வைக்காதே. இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

நீ கேட்ட இன்னொரு கேள்வி, எனக்கும் இங்கே ஒன்று கிடைத்தால் ஓட்டுவேனா என்று. மாட்டேன் செல்வம். என்னிடம் இருப்பது உன் பர்க்மேனின் பேரைக் கொண்ட சின்ன வண்டி, பர்க்மேன் ஸ்ட்ரீட், 125 சிசி, 110 கிலோ. கால் வைக்கும் இடத்தில் 25 கிலோ அரிசி மூட்டை வைத்துக்கொண்டு எம்.சி. ரோட்டுக் கூட்டத்தில் புகுந்து வந்துவிடலாம். ஸ்பைடர் ஒன்றரை மீட்டருக்கு மேல் அகலம், ஆட்டோவைவிட அதிகம். நம்ம தெருவில் அது திரும்பவே இடம் கிடையாது.

அதைவிடப் பெரிய விஷயம் பள்ளம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும்போது ஓரத்தில் மிச்சம் இருப்பது ஒரு முழ அகலத் தார். அதிலும் பள்ளம், சரளை, எப்போதோ சிந்திய ஆயில். இரண்டு சக்கரத்துக்கு ஒரே தடம். அந்தத் தடத்துக்கு வழி கண்டுபிடித்தால் போதும். ஸ்பைடருக்கு மூன்று தடம். முன்சக்கரங்களைப் பள்ளத்துக்கு இரண்டு பக்கமும் விட்டால் பின்சக்கரம் நேராக அதில் இறங்கும். என் வண்டியின் பின்சக்கரம் 10 அங்குலம்தான், சின்னப் பள்ளத்துக்கே முதுகுத்தண்டு வரை தூக்கிப் போடும். அதனால் எர்ணாவூர் தாண்டும்வரை தரையைப் படித்துக்கொண்டேதான் போகிறேன். விடியற்காலையில் லாரிகள் குறைவாக இருக்கும் நேரத்தில், கடல் வலது பக்கம் வர, ஒரு பள்ளத்துக்கு இடம் சாய்ந்து அடுத்ததற்கு வலம் சாய்ந்து போகிற அந்த அரை மணி நேரம் எனக்கு வேண்டும். முட்டி விடுகிறவரை அதை விட மாட்டேன்.

சாய்வதுதான் உனக்குக் குறையாகத் தெரிகிறது என்றால், சாய்கிற மூன்று சக்கர வண்டியும் உண்டே. பியாஜியோ 2006-ல் கொண்டுவந்த எம்பி3 ஸ்கூட்டரும் முன்னால் இரண்டு சக்கரம்தான், ஆனால் வளைவில் சாயும். நிற்கும்போது சாய்வைப் பூட்டிக்கொள்ளலாம், காலை ஊன்ற வேண்டாம். யமஹா நிக்கெனில் அந்தப் பூட்டு இல்லை, நின்றால் காலை ஊன்றியே ஆக வேண்டும், அது உனக்கு வேண்டாம். எம்பி3 எங்காவது கிடைத்தால் ஒருநாள் ஓட்டிப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. ஸ்பைடரை மட்டும் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதே.

ஜனவரியில் வருகிறாய் அல்லவா? என் வண்டிச் சாவி வழக்கம்போல வாசல் ஆணியில்தான் தொங்கும். முட்டி ஒத்துக்கொண்டால் நீ ஓட்டு, இல்லையென்றால் பின்னால் உட்கார். விடியற்காலை ஏலத்துக்குக் காசிமேடு போகலாம். ராத்திரி பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ, நம்ம பர்மா நூடுல்ஸ். மாமா பையன் இன்னும் மீன்பாடி வண்டி வைத்திருக்கிறான், கேட்டு வைத்திருக்கிறேன். காலி வண்டியை ஒருமுறை கல்மண்டபம் பக்கம் வளைத்துப் பார்க்கலாம், இந்த முறை நீ ஓட்டு, சத்தம் போட நான் இருக்கிறேன்.

அம்மா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன்
தனபால்