கேரட் மட்டும் போதாதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். வயசானா கண்ணு மங்கும், கேரட் சாப்பிட்டா சரியாயிடும்னு எங்க அப்பாவும் நம்பிட்டு இருந்தாரு, ஒருநாள் உங்க பேப்பர்ல குறுக்கெழுத்து போடும்போது கட்டத்து கோடெல்லாம் வளைஞ்சு தெரியுதுன்னாரு, டாக்டர்கிட்ட போனா விழித்திரையோட நடுப்பகுதி, அதான் மாக்குலா, தேய ஆரம்பிச்சிருக்குன்னாங்க. கேரட்ல இருந்து கிடைக்கிற வைட்டமின் ஏ மாலைக்கண் வராம பாத்துக்கும், வாஸ்தவம்தான், ஆனா மாக்குலாவுல இருக்கிற லூட்டீன், ஸியாசாந்தின்ங்கிற மஞ்ச நிறமிங்க ரெண்டும் கீரையிலயும் முட்டை மஞ்சக்கருவுலயும்தான் நல்லா கிடைக்கும், அதுவும் கொஞ்சம் எண்ணெய் சேர்ந்தாதான் உடம்புல ஒட்டும்.

அப்புறம் இந்த கண்ணு மாத்திரை விளம்பரம்! 2013ல அமெரிக்காவுல வந்த ஏரெட்ஸ்2ங்கிற கண் நோய் ஆய்வுல லூட்டீன் 10 மி.கி., ஸியாசாந்தின் 2 மி.கி.னு குடுத்து பாத்தாங்க, அந்த மாத்திரை மாக்குலா நோய் நடுக்கட்டத்துல இருக்கிறவங்களுக்கு மேல முத்தாம தள்ளிப்போடத்தான், நல்லா இருக்கிற கண்ணுக்கு இல்ல, கண்புரைக்கும் இல்ல. சிகரெட் பிடிச்சவங்க பீட்டா கரோட்டின் (கேரட்ல இருக்கிற, உடம்புல வைட்டமின் ஏவா மாறுற சத்து) மாத்திரையா எடுத்தா நுரையீரல் கேன்சர் ரிஸ்க் கூடும்னும் தெரிஞ்சிருக்கு (அப்பா 20 வருஷம் பிடிச்சவரு). அவரு வாங்கி வச்சிருந்த டப்பாவ பூதக்கண்ணாடி வச்சு தேடினேன், அந்த எச்சரிக்கை எங்கயும் இல்ல. விளம்பரம் போடும்போது நீங்களாவது கேக்கலாமே சார்?

- ஒரு வாசகி