46 பவுண்டு: ஒரு நன்றி மடல்

என் புது வில்லுக்குப் பின்னால் இருக்கிற எல்லாருக்கும்,

வணக்கம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதத்தான் நினைத்தேன். கட்டைவிரல் ஒத்துழைக்கவில்லை, அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடல். யார் பெயரையும் போடவில்லை. படிக்கும்போது உங்கள் பங்கு உங்களுக்கே தெரிந்துவிடும்.

போன வேட்டைப் பருவத்தின் கடைசி வாரத்தில் நடந்ததை உங்களில் இரண்டு பேரிடம்தான் சொல்லியிருந்தேன். குளிரில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். 18 கஜத்தில் ஒரு மான் பக்கவாட்டாக வந்து நின்றது. இழுத்தேன். நாண் பாதி வரை வந்தது, அப்புறம் வர மறுத்துவிட்டது. வில்லை வானத்தைப் பார்க்கத் தூக்கி, முதுகை வளைத்து மறுபடி இழுத்தேன். மான் அந்தக் கூத்தைக் கொஞ்சம் வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விட்டது. 67 வயது, 30 வருஷப் பழக்கம். வீட்டுக்கு வந்து வில்லை உறைக்குள் போட்டு மூடினேன்.

மறுநாளே அதை வெளியே எடுத்து வைத்தவள் என் மனைவி. “விடுவதென்றால் வலிக்காத ஒரு நாள் பார்த்து முடிவு பண்ணுங்கள்” என்றாள். முதல் நன்றி அவளுக்கு.

அடுத்தது, கைக்குப் பயிற்சி தந்த பிசியோதெரபிஸ்ட் அம்மாவுக்கு. வேட்டையை விடச் சொல்வீர்கள் என்று தயாராகத்தான் வந்தேன். நீங்களோ வில்லையே கொண்டுவரச் சொன்னீர்கள். நான் பிடித்த பிடியைப் பார்த்ததும் சிரித்துவிட்டீர்கள்: “சுத்தியலையா பிடித்திருக்கிறீர்கள்?” உண்மைதான். தேய்ந்துபோன கட்டைவிரலின் அடிமூட்டையே இத்தனை வருஷமாக இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். விரல்களைத் தளர்த்தி, கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதைமேட்டில் மட்டும் வில் சாய்ந்து நிற்கட்டும், கீழே விழாமல் மணிக்கட்டு வார் பார்த்துக்கொள்ளும் என்றீர்கள். சின்ன விஷயம்தான், ஆனால் பாதி வலி அதிலேயே போனது. அப்புறம் அந்த இரண்டு மணி நேரக் கணக்கு: பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரம் ஆன பிறகும் வலி வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தால், அன்றைக்குச் செய்தது அதிகம். இப்போது ஒரு நாளைக்கு 20 அம்புதான். முன்பு 80.

இதற்கு நடுவே ஒரு கடைக்குப் போய் ஏமாறப் பார்த்தேன். எந்தக் கடை என்பது வேண்டாம். “வினாடிக்கு 340 அடி” என்று எழுதியிருந்த ஒரு வில்லை என் கையில் கொடுத்தார்கள். அந்த வேகம் 70 பவுண்டு இழுவிசையில், 30 அங்குல இழுப்பு நீளத்தில், 350 கிரெயின் எடையுள்ள அம்பை வைத்து அளந்தது. என் இழுப்பு நீளம் 28 அங்குலம். 70 பவுண்டை என் தோள் பார்த்துப் பத்து வருஷம் ஆகிறது. அந்த எண்ணுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. என்னோடு வந்திருந்த பழைய கூட்டாளி காதோடு அதைச் சொல்லியிராவிட்டால் அன்றே வாங்கியிருப்பேன். அண்ணே, இருபது வருஷமாக நீங்கள் சொன்ன எதையும் நான் கேட்டதில்லை, இதை மட்டும் கேட்டேன்.

இனி வில் சீரமைக்கும் தம்பிக்கு. உங்களுக்கு எழுத நிறைய இருக்கிறது.

“எத்தனை பவுண்டு இழுப்பீர்கள்?” என்றுதான் எல்லாரும் என்னைக் கேட்டார்கள். நீங்கள் ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னீர்கள். இரண்டு பாதத்தையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, வில்லை மேலே தூக்காமல் இலக்குக்கு நேராகவே வைத்து இழுக்க வேண்டும். இழுத்ததை அரை நிமிஷம் பிடிக்க வேண்டும். அப்புறம் அம்பை விடாமல் நாணை மெதுவாகத் திரும்ப இறக்க வேண்டும். 60 பவுண்டில் நான் நாற்காலியோடு சாய்ந்தேன். 55ல் இழுத்துவிட்டேன், ஆனால் இறக்கும்போது நாண் வெடுக்கென்று தோளைப் பிடுங்கியது. “இழுக்க முடிகிற வில் உங்களுக்கு வேண்டாம் சார், இறக்க முடிகிற வில்தான் வேண்டும்” என்றீர்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்த மடல்.

அதற்குப் பிறகுதான் வில்லின் நுனியில் நாண் சுற்றி ஓடும் கேம் என்கிற கப்பியின் வடிவத்தைப் பற்றியே யோசித்தேன். வேகத்துக்காகச் செய்த கேம் ஆரம்பத்திலேயே முழு பாரத்தையும் தோளில் ஏற்றி, கடைசி வரை வைத்திருந்து, திடீரென்று கைவிடும். மெதுவான கேம் படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்கும். இரண்டு வில்லிலும் ஒரே பவுண்டு எழுதியிருக்கலாம், மூட்டுக்கு இரண்டும் வேறு வேறு. என் பழைய வில் 65 பவுண்டு, லெட்-ஆஃப், அதாவது முழுக்க இழுத்ததும் குறைகிற பாரம், 75 சதவீதம். மீதி 16 பவுண்டு கையில் நிற்கும். புது வில்லின் லிம்ப், அதாவது வளையும் கை, 40 முதல் 50 பவுண்டு வரைக்கானது, லெட்-ஆஃப் 85 சதவீதம். 46ல் வைத்திருக்கிறோம், கையில் நிற்பது 7 பவுண்டு. 1969ல் ஹாலஸ் வில்பர் ஆலன் கப்பி வில்லுக்குக் காப்புரிமை வாங்கினார். அவருக்கும் இங்கேயே ஒரு கும்பிடு போட்டுவிடுகிறேன்.

46 பவுண்டு மானுக்குப் போதுமா என்று நான் முறுக்கிக்கொண்டபோது நீங்கள் வாதாடவில்லை, கணக்குப் போட்டுக் காட்டினீர்கள். சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் இடத்துக்கு இடம் மாறும், பல இடங்களில் மானுக்கு 40 பவுண்டு. 420 கிரெயின் அம்பு, வினாடிக்கு 220 அடி, ஆக 45 அடி-பவுண்டு ஆற்றல். கூடவே விரிந்து திறக்கும் முனை வேண்டாம், பட்டதும் வெட்டுகிற இரண்டலகு முனை போதும், ஆற்றல் வீணாகாது என்றீர்கள். இதற்கெல்லாம் ஒரு விலை உண்டு. 40 கஜத்தில் எய்த காலம் போய், இப்போது என் எல்லை 22 கஜம். கசப்பாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பயிற்சித் திடலில் தன் வில்லைத் தயங்காமல் நீட்டிய தங்கைக்கு ஒரு மன்னிப்பும் சேர்த்து. “பெண்பிள்ளை வில்” என்று வாய்விட்டுச் சொன்னேன், உங்களுக்கும் கேட்டிருக்கும். ஐந்து அம்பு விட்டதும் வாயை மூடிக்கொண்டேன். நாணைப் பிடித்து இழுத்து விடுவிக்கும் கருவியான ரிலீஸில், மூன்று விரலால் பிடிப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு, மணிக்கட்டில் கட்டும் பட்டை ரிலீஸுக்கு மாறச் சொன்னதும் நீங்கள்தான். வீங்கிய விரல் மூட்டுகளில் ஏறிக்கொண்டிருந்த பாரம் முழுவதும் மணிக்கட்டுக்குப் போய்விட்டது. பக்கிளை மாட்ட என் விரலால் ஆகாது என்பதால் வெல்க்ரோ பட்டை வாங்கினேன். அதைக் காட்டில் அவிழ்க்கவே கூடாது என்று மட்டும் நீங்கள் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். அந்தச் சத்தம் பக்கத்துக் காட்டுக்கும் கேட்கும். பட்டு அறிந்தேன்.

குறுக்குவில் வாங்கச் சொன்ன மைத்துனருக்கும் நன்றி. அதைத் தோளில் வைத்துப் பார்க்காமல் இல்லை. நாணேற்றச் சுழற்றுக் கைப்பிடி இருக்கிறது, மூட்டுக்கு நல்லதுதான். ஆனால் கனம் அதிகம், அதோடு எனக்கு இன்னும் நாணை நானே இழுத்துப் பிடிக்க ஆசை. தோள் மொத்தமாகக் கைவிடும் நாளில் உங்களிடம்தான் கடன் கேட்பேன், வைத்திருங்கள்.

இந்தப் பருவத்தின் இரண்டாவது வாரம் உட்கார்ந்த இடத்திலிருந்தே இழுத்தேன். 20 கஜம், நல்ல பெண்மான். வில் மேலே போகவில்லை, முதுகு வளையவில்லை. பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அது ஒரு அடி எடுத்து வைத்ததும் நெஞ்சுக்கு நேராக ஒரு குச்சி குறுக்கே வந்தது. இன்னும் காத்திருந்தேன். மான் நகரவே இல்லை. சரி என்று நாணை மெதுவாக, மெதுவாக இறக்கினேன். தோள் முனகவில்லை. மான் தலையைக் கூடத் தூக்கவில்லை, மேய்ந்துகொண்டே போயிற்று.

வெறுங்கையோடு வந்த என் முகத்தைப் பார்த்துவிட்டு மனைவி கேட்டாள்: “என்ன, மான் கிடைத்ததா?”

தம்பி, உங்கள் ஆலன் சாவி இன்னும் என் பையில்தான் இருக்கிறது. இழுவிசையைக் கூட்டிக் குறைக்கும் லிம்ப் போல்ட்டை அரைச்சுற்று திருப்பிவிட்டுத் தருகிறேன் என்று வாங்கியது. சனிக்கிழமை கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் 46 பவுண்டு கிழவன்