உறையின் மேல் எழுதச் சொல்லுங்கள்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தாருக்கு,

வணக்கம். பெங்களூரு அல்சூரில் காய்கறி நறுக்கி விற்கிறேன். வாழைத்தண்டு, வாழைப்பூ, உருவிய முருங்கைக்கீரை எல்லாம் விடிவதற்குள் பொட்டலமாகிவிடும். 2016-இல் கர்நாடகம் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்ததிலிருந்து வாழையிலையில்தான் மடிக்கிறேன். தண்டை மோரில் நனைத்து எடுத்தாலும் பிற்பகலுக்குள் கறுத்துவிடுகிறது. மிஞ்சுவது குப்பைக்குப் போகிறது.

சென்ற மாதம் ஒரு வியாபாரி புதுவகை உறை கொண்டுவந்தார். மட்கும், கிருமியையும் கொல்லும் என்றார். எதில் செய்தது என்று கேட்டேன். சோளமாவு என்றார். கிருமியைக் கொல்வது எது என்றதற்குக் கைட்டோசான் என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார். உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் என் மகள்தான் விளக்கினாள். பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுப்பதாம் அது. நேர்மின்னேற்றம் கொண்டது; பாக்டீரியாவின் மேலுறையில் ஒட்டி அதைச் சிதைத்து, உள்ளிருப்பதைக் கசியவிடுகிறது.

நல்ல பொருள்தான், எனக்கும் வேண்டும். ஆனால் அமாவாசைப் படையலுக்கு என்னிடம் வாழைக்காய் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இறால் ஓட்டில் செய்த உறையில் அதைச் சுற்றி, வாய் திறக்காமல் கொடுக்க என்னால் முடியாது. இறால் பட்டாலே உடம்பெல்லாம் தடித்துப்போகும் குழந்தையும் ஒரு வாடிக்கையாளர் வீட்டில் இருக்கிறது. ஒவ்வாமைக்குக் காரணம் ஓட்டோடு வரும் புரதம், நன்கு சுத்திகரித்தால் நீங்கிவிடும் என்கிறாள் மகள். எவ்வளவு சுத்திகரித்தார்கள் என்று கடையில் உட்கார்ந்துகொண்டு நான் எப்படிக் கண்டறிவேன்? காளானிலிருந்தும் கைட்டோசான் எடுக்க முடியும். எதிலிருந்து வந்தது என்று உறையிலேயே அச்சிடச் சொல்லுங்கள். சைவ உணவைக் காட்டும் பச்சைப் புள்ளி, காயைத் தொட்டுக்கொண்டிருக்கும் உறைக்கும் பொருந்த வேண்டும்.

எங்கே மட்கும் என்பதும் அதில் இருக்கட்டும். மட்கும் பிளாஸ்டிக்குக்கான சோதனை ஏறத்தாழ 58 டிகிரி வெப்பத்தில் நடக்கிறது. அடுக்குமாடி பால்கனியில் வைத்திருக்கும் உரத்தொட்டி அந்தச் சூட்டில் மாதக்கணக்கில் நிற்காது. ஈரக் குப்பையில் போட்டாலோ, பார்வைக்குப் பிளாஸ்டிக் போலவே இருப்பதால், தரம் பிரிக்கும் பெண்கள் அதைப் பொறுக்கி எறிந்துவிடுவார்கள். அவர்கள் ஒரு நொடியில் அடையாளம் காணும்படி குறி பெரிதாக வேண்டும்.

உறை கிருமியின் வேகத்தைக் குறைக்கும். நேற்றைய காயை இன்றையதாக்காது. நறுக்கிய தேதியும் நேரமும் கட்டாயமாகட்டும், என் கடைக்கும் சேர்த்துத்தான்.

இவையெல்லாம் அச்சாகி, 50 உறை கொண்ட சிறு கட்டாகக் கிடைத்தால் முதல் நாளே வாங்கிக்கொள்கிறேன். அதுவரை வாழையிலையும் நாரும்தான்.

இப்படிக்கு,
அல்சூர் காய்கறிக்காரி