மின்னூல் பதிப்பாளர்களுக்கு, பத்தி அமைப்பு குறித்து

தமிழ் மின்னூல் பதிப்பாளர்களுக்கும் கோப்புகளைத் தயாரிக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அச்சுக்கு அமைத்த பத்தியையே இபப் (EPUB) என்னும் மின்னூல் கோப்பிலும் ஏற்றிவிடுகிறீர்கள். தாளின் அகலம் மாறாது. கைபேசித் திரையும் வாசகர் வைத்துக்கொள்ளும் எழுத்தளவும் ஆளுக்கு ஆள் மாறும்.

பெரிய தொல்லை ஜஸ்டிஃபை. இரு ஓரங்களையும் நேராக்க, வரியில் மிஞ்சும் இடத்தை வாசிப்புச் செயலி சொற்களுக்கு நடுவே பங்கிடுகிறது. தமிழிலோ துணைவினையும் உருபும் ஒட்டிக்கொண்டு ‘பேசிக்கொண்டிருந்தவர்களுக்கும்’ என ஒரே சொல்லாக நீளும். கைபேசியில் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொற்கள்தான் கொள்ளும். நீளச் சொல் அடுத்த வரிக்கு இறங்கினால், அது விட்டுப்போன இடம் முழுவதும் எஞ்சிய ஒன்றிரண்டு இடைவெளிகளில் போய்ச் சேரும். பக்கம் நெடுக வெள்ளைப் பள்ளங்கள்! சொல்லை உடைத்து மடக்கும் வசதி இருந்தால் இது குறையும். தமிழுக்கு அந்த வசதி எல்லாச் செயலிகளிலும் இல்லை. இருக்கும் இடத்திலும், நூலின் மொழி தமிழ் என்று கோப்பில் குறித்திருந்தால்தான் வேலை செய்யும். சொல்லை எங்கே உடைக்கலாம் என்று காட்டும், கண்ணுக்குத் தெரியாத மென்கோடுகளைச் சொல்லுக்குள் செருகுவது இதற்கு மாற்றாகாது. சில செயலிகளில் அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காமல் போகும். இடப்பக்கம் மட்டும் நேராக விடுங்கள். வலது ஓரம் ஏறி இறங்கினாலும் சொல்லிடைவெளி சீராக இருக்கும், கண் தடுக்காது.

பத்தி தொடங்குவதைக் காட்ட ஒரு வழி போதும். கதைகளுக்கு முதல் வரியை 1 முதல் 1.5 எம் (ஒரு எம் என்பது எழுத்தளவுக்குச் சமம்) உள்ளே தள்ளி, பத்திகளுக்கு நடுவே இடைவெளியை 0 ஆக்குங்கள். வசனம் மிகுந்த நாவலில் ஒவ்வொரு பேச்சும் தனிப் பத்தி என்பதால், இடைவெளி விட்டால் திரையில் பாதி வெறுமையாகிவிடும். குறிப்பு நூல்களுக்கு உள்தள்ளல் இன்றி 0.6 எம் இடைவெளி பொருந்தும். தலைப்பை அடுத்த பத்தியைத் தள்ள வேண்டியதில்லை. ஸ்பேஸ் விசையைப் பலமுறை தட்டி வரியைத் தள்ளுவது பயனற்றது. மின்னூலின் உள்ளே இருக்கும் எச்டிஎம்எல் குறிமொழி அவற்றை ஒன்றாகச் சுருக்கிவிடும். காட்சி மாறும் இடத்தில் வெற்று இடம் மட்டும் விட்டால், அது பக்க எல்லையில் விழும்போது தெரியாமல் போகும். மூன்று நட்சத்திரக் குறிகளை நடுவில் வையுங்கள்.

தமிழ் எழுத்துக்கு மேலே புள்ளியும் கொக்கியும், கீழே உகரச் சுழிகளும் உண்டு. எனவே வரி உயரம் எழுத்தளவைப் போல் 1.5 அல்லது 1.6 மடங்கு வேண்டும். அந்த எண்ணுக்குப் பின் அலகு எதுவும் சேர்க்காதீர்கள். பிக்சலில் கட்டிவிட்டால், வாசகர் எழுத்தைப் பெரிதாக்கும்போது வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். உரைப்பத்தியின் எழுத்தளவையும் நிறத்தையும் தொடாதீர்கள். இரவு முறையில் கறுப்புப் பின்னணியில் கறுப்பு எழுத்தாகிவிடக்கூடும்.

கவிதைக்கு இடது ஓரம் 2 எம், முதல் வரி உள்தள்ளல் -2 எம் என்று வையுங்கள்; முதல் வரி ஓரத்தில் நிற்க, மடங்கும் வரி உள்ளே தள்ளி வரும். அப்போதுதான் மடங்கி வந்த சீர் புது அடி போலத் தோன்றாது.

வெளியிடுமுன் ஒரு கைபேசியில் எழுத்தை மிகப் பெரிய அளவில் வைத்து, வசனப் பக்கம் ஒன்றையும் செய்யுள் பக்கம் ஒன்றையும் திறந்து பாருங்கள். பிடிஎஃபிலிருந்து மாற்றிய கோப்பானால், வரி முடிவெல்லாம் பத்தி முடிவாகியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
மின்னூல் வாசகர்கள் சிலர்